உதிரி அரளியும் ஒரு ஷேர் ஆட்டோவும்

சரியாகச் சொல்வேனா என்று இப்போதே பயமாக இருக்கிறது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒன்று சொல்லப்போய் இன்னொன்றாகிவிடும். திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் எனக்குப் பூக்கடை. விற்பதில் பாதி விஷம்: அரளி, எருக்கு, ஊமத்தை. சாமிக்கு உகந்தது, மனுஷன் வாயில் போனால் ஆபத்து. என் கடைப் பூவால் யாருக்காவது ஒன்று ஆகிவிடுமோ என்ற கவலையிலேயே பொழுது போகிறது. கடை வைத்திருக்கும் எல்லோருக்கும் இப்படி ஏதாவது ஒரு கவலை இருக்கும்.

கேட்கக் கூடாதது

கீழ்பென்னாத்தூர் வேன் டிரைவர் ஒருவர் வண்டிக்கு அரளி மாலை வாங்கினார். "எங்க சவாரி?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். மனுஷன் வண்டியை அணைத்துவிட்டு இறங்கிவிட்டார். "கெளம்பறப்ப எங்க போறேன்னு கேக்கலாமாம்மா?" என்று பக்கத்து டீக்கடையில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டுமாம்.

டீக்கடை பாய்க்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தெரியும். "அந்தக் காலத்துல வழிப்பறி ஜாஸ்தி. எங்க போறேன்னு கேட்டுக்கினு, முன்னாடியே போயி வழியில நிப்பான். அதான் கேக்கக் கூடாதுன்னு வந்துச்சி" என்றார். டிரைவர் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "இப்ப கேக்காமலே நிக்கிறாங்க பாய், டோல்கேட்டுல."

பழுபாகல்

வேங்கிக்கால் அம்மா ஒருவர் பிரதோஷத்துக்கு ஊமத்தங்காய் வாங்கிப் போனார். மறுநாள் காலை அவர் வந்து நின்ற முகத்தைப் பார்த்ததும் தொடுத்துக்கொண்டிருந்த மாலையைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். காயைக் காய்கறிப் பையிலேயே போட்டு வைத்திருக்கிறார். அவர் கணவர் முள்ளைப் பார்த்து, பழுபாகல் என்கிற குட்டிப் பாகற்காய் என்று நினைத்து, நறுக்கி வாணலியில் போட்டுவிட்டாராம். "நல்லவேளை, அடுப்பு மேலயே பாத்துட்டேன். அப்படியே கொட்டிட்டேன்" என்றார். எனக்கு மூச்சு வந்தது.

"பின்ன ஏம்மா முகம் இப்படி இருக்குது?" என்றேன். "விஷம்னு சொன்னதுலேர்ந்து, நான் போடற காபிய மொதல்ல என்னைக் குடிக்கச் சொல்லிட்டுதாங்க அவரு குடிக்கிறாரு."

போறேங்க

டிரைவர் கோபித்த பிறகு, கிளம்பும் யாரையும் நான் எங்கே என்று கேட்பதில்லை. அப்போதுதான் ஒரு சின்னப் பெண் வந்து, பை நிறைய உதிரி அரளி கேட்டாள். தேங்காய் இல்லை, கற்பூரம் இல்லை, கூட யாரும் இல்லை. முகம் வாடிக் கிடந்தது. எங்கே என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். பையை வாங்கிக்கொண்டு "போறேங்க" என்றாள். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை.

பஸ் இல்லாத காலத்தில் யாத்திரை போனவர்கள் திரும்புவது நிச்சயமில்லை, அதனால்தான் வெறுமனே போறேன் என்று சொல்லக் கூடாது என்று பாய் சொல்லியிருந்தார். இவள் பை நிறைய அரளி வேறு வைத்திருக்கிறாள். கடையை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, அவள் ஏறிய ஷேர் ஆட்டோவிலேயே நானும் ஏறிவிட்டேன்.

வேங்கிக்காலில் ஓர் ஆபீஸ் வாசலில் இறங்கினாள். பின்னாலேயே போனேன். உள்ளே ஆயுத பூஜை, லீவுக்கு முந்தின நாளே வைத்துவிட்டார்கள். கம்ப்யூட்டருக்கெல்லாம் சந்தனப் பொட்டு. மேலே தூவத்தான் உதிரிப் பூ. முகம் வாடியிருந்தது காலையிலிருந்து ஆபீஸைக் கழுவிய களைப்பு. என்னைப் பார்த்துத் திகைத்தவளிடம் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எங்க போறேன்னு கேக்கறதுதான் தப்பு, பின்னாடியே வர்றது பரவாயில்லையாங்க?"

இப்போது உதிரி அரளி விற்பதில்லை, தொடுத்த மாலைதான். ஊமத்தங்காயையும் வில்வத்தோடு கோத்துத்தான் தருகிறேன். "போயிட்டு வரேன்" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் பை கை மாறும், சாமியே நேரில் வந்து கேட்டாலும் என் கடையில் அதுதான் சட்டம்.