எலுமிச்சை குத்திய கத்திகள்

தசரா விடுமுறை முடிந்து கடையைத் திறந்த காலையில், கண்ணாடி ஷோகேஸில் இருந்த கத்திகள் எல்லாவற்றின் நுனியிலும் ஒரு எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது. அலகு முழுக்கச் சந்தனம், குங்குமம். ஒரு பழத்தைப் பிடுங்கினேன். அதற்கு அடியில் எஃகு கறுத்துக் கிடந்தது. துடைத்தேன், போகவில்லை. நகத்தால் வருடினால் சொரசொரத்தது. அடுத்த கத்தியும் அப்படித்தான். மிச்சத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் பில்லிங் கவுண்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கத்திகளை நம்பித்தான் என் வேலையே இருந்தது.

1. சினிமாக் கத்திகள்

ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த கச்சிபௌலியில் மலையேற்றச் சாமான்கள் விற்கும் கடை அது. நான் ஃப்ளோர் மேனேஜர். முதலாளி கரூர்க்காரர், என்னைவிட இளையவர். நான் சேர்ந்தபோது அங்கே விற்றதெல்லாம் சினிமாக் கத்திகள். முதுகில் ரம்பம், பிடிக்குள் திசைகாட்டி, அலகில் டிராகன் படம். ஐ.டி. பையன்கள் ஆசை ஆசையாக வாங்கிப் போவார்கள். காட்டில் ஒரு சுள்ளியைச் சீவுவதற்குள் பிடி கழன்றுவிடும். திங்கட்கிழமை வந்து என்னைத் திட்டுவார்கள். நானும் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

மாதக்கணக்கில் நச்சரித்து, ஸ்கேண்டினேவிய பாணிக் கத்திகள் ஒரு லாட் வரவழைத்தேன். முதலாளி அரை மனதாகத்தான் சம்மதித்தார். "இந்த லாட்டு வித்துப்போச்சுன்னா இனி நீங்க சொல்ற சரக்கே எடுக்கலாங்க மேடம். விக்கலீன்னா அந்த ஷெல்ஃபும் வேண்டாம், அதுக்கு ஒரு மேனேஜரும் வேண்டாமுங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

2. எதைப் பார்த்து வாங்குவது

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்காக இதை எழுதிவைக்கிறேன். அலகு நாலு அங்குலம் போதும். அதற்கு மேல் நீளம் கேட்பவருக்கு வேண்டியது கத்தியல்ல, போட்டோ. அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை ஓட வேண்டும். அதுதான் ஃபுல் டேங். பிடி கைக்கு அடங்க வேண்டும், ஈரத்தில் வழுக்கக் கூடாது. உறையைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினாலும் கத்தி விழக் கூடாது.

முக்கியமானது கூர். ஸ்கேண்டி கிரைண்டில் அலகின் இரண்டு பக்கமும் அகலமான ஒரே சரிவு, அது நேராகப் போய்க் கூரில் முடியும். மரம் சீவ இதற்கு ஈடில்லை. சரிவைக் கல்லில் படுக்கவைத்துத் தேய்த்தால் புதிதாகத் தீட்டுபவருக்கும் கூர் வந்துவிடும். ஆனால் விளிம்பு மிக மெல்லிசு. கார்பன் ஸ்டீலாக இருந்தால், துரு முதலில் அந்த விளிம்பைத்தான் தின்னும். எந்நேரமும் எண்ணெய்ப் பூச்சு இருந்தாக வேண்டும். நான் வரவழைத்த லாட் முழுக்கக் கார்பன் ஸ்டீல்.

3. லாலாகுடா பூஜை

ஸ்டோர் பார்த்தவர் சேகர். நாற்பதைத் தாண்டியவர், லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். கடைக்கு வருமுன் அங்குள்ள ஒர்க்‌ஷாப்பில் கான்ட்ராக்ட் வேலை பார்த்திருக்கிறார். அங்கே ஆயுத பூஜை என்றால் லேத்திலிருந்து ஸ்பானர்வரை எதுவும் பாக்கியில்லாமல் சந்தனப் பொட்டு ஏறும். எண்ணெயில் ஊறிய தடி இரும்புக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

எங்கள் கடைச் சாமான்களிலேயே அவருக்குப் பிடித்தவை இந்தக் கத்திகள்தான். பூஜையன்று நான் லீவு. அவர் ஒவ்வொன்றையும் உறையிலிருந்து எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு சாமிக்கு வைக்கக் கூடாதென்று சோப்புப் போட்டுக் கழுவி, பொட்டு வைத்து, நுனியில் பழம் குத்தி அடுக்கியிருக்கிறார். முதலாளி வந்து கற்பூரம் காட்டியிருக்கிறார். பிறகு விடுமுறைக்குக் கடையைப் பூட்டிவிட்டார்கள்.

அன்று காலை என் பின்னால் வந்து நின்ற சேகருக்கு முதலில் எதுவும் புரியவில்லை. ஒரு கத்தியைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் செத்துப்போய்விட்டது.

4. கல்

இரண்டு பேரும் ஸ்டோர் ரூமில் தண்ணீர்க் கல்லை வைத்துக்கொண்டு தேய்த்தோம். விளிம்பில் விழுந்த குழி போகும்வரை சரிவை இறக்கியாக வேண்டும். ஒரு கத்திக்கே கை ஓய்ந்துவிடும். கூர் திரும்ப வந்தது. காகிதத்தை வெண்ணெய்போல் அறுத்தது. ஆனால் அலகில் சாம்பல் கறை நின்றுவிட்டது. அதனால் வேலைக்கு ஒரு குறையுமில்லை. வாங்க வந்தவர்களிடம் தொண்டை வறள அதைத்தான் சொன்னேன். எடுத்துப் பார்ப்பார்கள், "யூஸ்டு பீஸா?" என்பார்கள், வைத்துவிடுவார்கள். போகும்போது டிராகன் கத்தி ஒன்றை வாங்கிப் போவார்கள். ஒன்றுகூட விற்கவில்லை. ஒன்றுகூட.

முதலாளி சேகரை வேலையிலிருந்து நிறுத்தச் சொன்னார். கற்பூரம் காட்டியது நீங்கள்தானே சார் என்று கேட்டேன்.

"நான் சாமி கும்பிட்டனுங்க. சரக்கக் கெடுத்தது அவருங்க" என்றார்.

என்னையும் அந்த மாதத்தோடு கணக்கை முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஷெல்ஃபில் மறுநாளே ரம்பக் கத்திகள் ஏறின.

சேகர் டிபன் பையை எடுத்துக்கொண்டு என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார். முதலாளியிடம் இன்னொருமுறை பேசிப் பார்க்கவா என்று கேட்டேன்.

"நக்கோ அக்கா, வேணாம். உங்களுக்கும் சேத்துதான் வேண்டிக்கினேன், இந்தக் கத்திங்க எல்லாம் வித்துப்போவணும்னு."

அதைக் கேட்ட பிறகு எனக்குக் கோபப்படக்கூட ஆள் இல்லாமல் போயிற்று. அவர் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போனார். நான் ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இப்போது வேறொரு கடையில் இருக்கிறேன். நல்ல கத்தி எது என்று கேட்டு வருபவர்களிடம் ஃபுல் டேங், கிரைண்ட் எல்லாம் சொல்வேன். கார்பன் ஸ்டீலை மட்டும் காட்டுவதில்லை. நான் கற்ற பாடம் அவ்வளவுதான். ஸ்டெயின்லெஸ்ஸை எடுத்து வைக்கிறேன். கூர் கொஞ்சம் மட்டு. ஆனால் யாராவது ஆசையாகக் கழுவிப் பொட்டு வைத்தால், தாங்கிக்கொள்ளும்.