கை நின்றால் கதை பாஸ்

கழித்துப் போட்ட பன்னீர் திராட்சையின் புளித்த வாசனையும், விரலில் ஒட்டிய சாறு நோட்டுத் தாளை விடாமல் பிடித்துக்கொள்ளும் பிசுபிசுப்பும்தான் கதை எழுதுவது என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வரும்; ஏனென்றால் கம்பத்தில் எங்கள் கோடைக் கதை முகாம் தொடங்கியது பழத்தைப் பெட்டியில் அடைக்கும் ஒரு தகரக் கொட்டகையில். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த ஸ்டெல்லா அக்கா, தெருப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இடம் தேடி அலைந்தபோது, அங்கே வேலை பார்த்த என் அம்மா, "ஒரு ஓரமா ஒக்காந்து எழுதட்டும், பாவம்" என்று முதலாளியிடம் கேட்டு வாங்கிய மூலை அது.

காலையில் எழுதுவோம், மதியம், கத்தரிக்கோலால் அழுகல் பழத்தை நறுக்கிக் கழிக்கும் பெண்களுக்கு வாசித்துக் காட்டுவோம். கேட்கிறவர்களின் கை நின்றால் கதை "பாஸ்", ஓடிக்கொண்டே இருந்தால் "ஃபெயில்". இந்தச் சட்டத்தைப் போட்டதே அந்தப் பெண்கள்தான். அதிலும் பேச்சியம்மாள் சித்திக்கு இரக்கமே கிடையாது. குச்சனூர் கோயில் காக்காயைப் பற்றி ஒருத்தி உருகி உருகி வாசித்து முடித்ததும், "காக்கா பறந்துருச்சு, சரி. கதை எங்கன போச்சு ஆத்தா?" என்றார்.

வினை வந்தது எங்கள் திறமையால். கதைகள் தேறத் தேறக் கைகள் நின்றன. கேரளா போக வேண்டிய லாரி வாசலில் காத்துக் கிடந்தது. ஒரு மதியம் முதலாளி வந்து, "இனி ஒரு தடவ வேல நின்னுச்சு, ஒரு புள்ளயும் இங்கன வரக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தராசுப் பக்கம் போனார். அன்றைக்கு வாசிக்க வேண்டியவள் நான்! லோயர் கேம்ப்பில் அணைத் தண்ணீர் திறந்துவிட்ட நாளில், கால்வாய்க்கு அக்கரையில் மாட்டிக்கொண்ட ஆட்டுக்குட்டியைத் தேடிப் போகும் சிறுமியின் கதை. நாலு நாள் அடித்து அடித்து எழுதியது. நன்றாக வாசித்தால் முகாம் போச்சு, மோசமாக வாசித்தால் என் மானம் போச்சு. பதினொரு வயதில் மானம் பெரிதில்லையா? நன்றாகவே வாசித்தேன்.

ஒரு கைகூட நிற்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பேய் பிடித்த மாதிரி நறுக்கினார்கள், என் அம்மா உட்பட. முகாம் பிழைத்தது என்று சந்தோஷப்பட வேண்டியவள், அழுகை முட்ட, சிறுமி தண்ணீரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்திவிட்டேன். வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

"ஏலே, அத நிறுத்துடா!" என்று எனக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம். திரும்பினால் முதலாளி, தராசில் வைக்க வேண்டிய பெட்டியை ஏந்தியபடி, எவ்வளவு நேரமாகவோ, அப்படியே நின்றுகொண்டிருந்தார். "புள்ள தண்ணிக்குள்ள எறங்கிருச்சே! மேல வாசி, ஆத்தா."

பேச்சியம்மாள் சித்தி கத்தரிக்கோலைக் கீழே போட்டார். "முகாம மூடிருவாகன்னு நாங்க பல்லக் கடிச்சுக்கிட்டு நறுக்குறோம், மொதலாளி நின்னுட்டாக பாருங்கடி!" கொட்டகையே சிரித்தது. முதலாளியும் சிரித்தார், பெட்டியை மட்டும் இறக்கவில்லை. மறுநாள் நாங்கள் போனபோது எங்கள் மூலை கூட்டிப் பெருக்கியிருந்தது, பாயும் விரித்திருந்தது.

அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் இன்று செல்போன் கடைகள். முகாம் வடுகபட்டி வரை பரவிவிட்டது. மைக் உண்டு, மின்விசிறி உண்டு, எழுதும் எல்லாருக்கும் சான்றிதழ் உண்டு. நான்தான் நடத்துகிறேன், கர்வமாகவே சொல்கிறேன், ஒரு மே மாதம்கூடத் தவறியதில்லை. கை நிற்காமல் நறுக்கி எங்களைக் காப்பாற்றப் பார்த்த அந்தப் பெண்களைப் போலக் கறாராகக் கதை கேட்கத்தான் இப்போது ஆளில்லை. அவர்கள் போய்விட்டார்கள், முகாம் போகவில்லை.