பெயர் சொல்லாத மூன்று நாட்கள்

என் இளைய மகளை நான் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். அவளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது, பெயரும் இருக்கிறது. என் மனைவி அந்தப் பெயரைச் சொல்கிறாள், மூத்தவள் சொல்கிறாள், டேகேரில் சொல்கிறார்கள். நான் போன வாரம் வரை அதை வாய்விட்டுச் சொன்னது ஒரே ஒரு முறை.

மூத்தவளுக்கும் இவளுக்கும் பதினான்கு வருடம் இடைவெளி. நடுவில் இரண்டு தங்கவில்லை. அதனால் இவள் உண்டானபோது, பிறக்கும்வரை எதுவும் வாங்கக் கூடாது, பெயரைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிற வழக்கம்தான். டெக்சாஸில் டாலஸ் பக்கம் இந்தக் காப்பெலுக்கு வந்து பதினாறு வருடம் ஆன பிறகு அதை நான் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூத்தவளுக்கு அது பிடிபடவில்லை. அவள் வகுப்பில் எபிரேயம் பேசும் வீட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் எதையோ சொல்லியிருக்கிறாள். ஒரு நாள் சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வந்ததும் மூத்தவள் லேப்டாப்போடு நின்றாள்.

"அப்பா, என் பேருக்கு மீனிங் ஆடாம். ஃபீமேல் ஷீப். யூ நேம்ட் மீ ஷீப்!"

"பைபிள்ல இருந்துச்சு, வெச்சோம். யாரு அர்த்தம் பார்த்தா?"

"நோபடி செக்ட்? ஸீரியஸ்லி?"

நாங்கள் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவர்கள். தலைமுறை தலைமுறையாக எபிரேயப் பெயர்களைச் சூட்டியிருக்கிறோம். அவை ஆடு, பறவை, மரம் என்று ஏதோ ஒன்றைச் சொல்கின்றன என்று எங்கள் வீட்டில் யாரும் யோசித்ததில்லை. அவள் அன்றே பாப்பாவுக்காகப் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டாள். காடு, மலை, தண்ணீர் சம்பந்தமான பெண் பெயர்கள் மட்டும். நான் பார்த்ததும் லேப்டாப்பை மூடினேன்.

"முதல்ல பிறக்கட்டும்."

"இட்ஸ் ஜஸ்ட் எ லிஸ்ட்!" என்று கத்திவிட்டு மாடிக்குப் போனாள்.

அதற்கு ஆறாவது நாள் மனைவிக்கு வலி வந்துவிட்டது. இருபத்தைந்து வாரம்தான் ஆகியிருந்தது. அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. டாலஸ் ஆஸ்பத்திரிக்கு ஃப்ரீவேயில் போகும்போது அவள் என் முழங்கையைப் பிடித்திருந்தாள். பின்சீட்டில் மூத்தவள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது: பைபிளில் அவள் பெயர்க்காரி வழியிலேயே பிரசவம் கண்டு இறந்தவள். ஆடு என்று மட்டும்தானே அவளுக்குத் தெரியும். அந்தக் கதையைச் சொல்லாமல் வண்டியை ஓட்டினேன்.

மனைவி பிழைத்தாள். பாப்பா எழுநூறு கிராமுக்குக் கொஞ்சம் மேல். என் உள்ளங்கையும் இரண்டு விரலும் போதும். தோலுக்கு அடியில் எல்லாம் தெரிந்தது. மூச்சுக்கு ஒரு மெஷின் வைத்திருந்தார்கள். அது சாதாரணமாக மூச்சை ஏற்றி இறக்காது. மிக வேகமாக அதிர்ந்துகொண்டே இருக்கும். அதோடு சேர்ந்து குழந்தையின் நெஞ்சும் அதிரும். அந்த அறை முழுக்க ஒரே ரீங்காரம். காலில் கட்டியிருந்த பட்டையில் 'பேபி கேர்ள்' என்றும் என் மனைவியின் பெயரும் இருந்தன. பிறப்புப் பதிவு ஃபார்மோடு ஒரு பெண்மணி வந்தார். அப்புறம் தருகிறேன் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை பாப்பாவின் நுரையீரலில் ரத்தம் கசிந்தது. டாக்டர் நாற்காலியை இழுத்து என் எதிரில் உட்கார்ந்தார். அவர்கள் உட்கார்ந்து பேசினால் நல்ல செய்தி இல்லை என்பதை இரண்டு நாளிலேயே கற்றுக்கொண்டிருந்தேன். இன்றைய பகல் முக்கியம் என்று மட்டும் சொன்னார்.

மனைவி வார்டிலிருந்தே எங்கள் ஐயருக்கு ஃபோன் பண்ணிவிட்டாள். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் பக்கத்து ஊரான இர்விங்கிலிருந்து அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தார்.

"தம்பி, ஞானஸ்நானம் கொடுத்துடலாம்னு தங்கச்சி சொல்றாங்க. பேரு என்னன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"இல்ல ஐயா. இன்னும் இல்ல."

"சரி, சீக்கிரம் யோசிங்க."

"கார்ல ஒண்ணு விட்டுட்டு வந்துட்டேன், எடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லி நான் லிஃப்டில் இறங்கிவிட்டேன். காரில் ஒன்றும் இல்லை.

எங்களில் குழந்தைக்கு ஞானஸ்நானம் சில மாதம் கழித்து, சபை கூடியிருக்கும்போது, கோவிலில்தான். ஆஸ்பத்திரியில் அவசரமாகக் கொடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம். என் சித்தியின் குழந்தைக்கு அப்படித்தான் கொடுத்தார்கள். அந்தப் பெயர் மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் சிலுவையில் எழுதத்தான் உதவியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. பெயிண்ட் காயாத அந்தச் சிலுவையை நான் பார்த்தேன்.

பெயர் இல்லாமல் ஞானஸ்நானம் கொடுக்க முடியாது. ஞானஸ்நானம் கொடுக்காதவரை குழந்தை போகாது. இருபத்திரண்டு வருடமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவன் பார்க்கிங் கராஜின் மூன்றாவது தளத்தில் உட்கார்ந்து போட்ட கணக்கு இது. அந்த நேரத்தில் அதில் ஒரு ஓட்டையும் எனக்குத் தெரியவில்லை.

அப்போது மூத்தவளிடமிருந்து மெஸேஜ் வந்தது. அவள் வார்டில் அம்மாவோடு இருந்தாள். அந்தப் பட்டியலை அப்படியே அனுப்பியிருந்தாள். கீழே, 'அம்மா ஆஸ்க்ட்'.

ஸ்டியரிங்கில் கையை ஊன்றிக்கொண்டு படித்தேன். தால், பனித்துளி. வெயில் வந்தால் போய்விடும். அவிவா, வசந்தம். டெக்சாஸில் வசந்தம் எத்தனை நாள்? சூசன்னாள், லீலி மலர். எங்கள் அடக்க ஆராதனையில் வாசிக்கிற வசனமே மனிதன் பூவைப்போலப் பூத்து அறுப்புண்கிறான் என்பதுதான். மாயான், நீரூற்று. தமிழ்க் காதில் அது எப்படி விழும் என்று நினைத்ததுமே திரையை வேகமாகத் தள்ளினேன். தாமார், பேரீச்ச மரம். மரம் நல்லது, ஆனால் பைபிளில் அந்தப் பெயர்க்காரிகள் பட்டது போதும். சிப்போராள், பறவை. பறவை வேண்டாம். பறவை வேண்டவே வேண்டாம். அத்சாள், ஒரு நறுமணச் செடி. அடக்கத்துக்கு முன் உடம்பில் பூசுவதும் நறுமணம்தான். அதை ஆடை இல்லாத அந்த உடம்பின் மேல் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தெபோராள், தேனீ.

தேனீ கொட்டிவிட்டால் அதுவே செத்துப்போகும் என்று நினைத்தேன். அதையே மூத்தவளுக்கு டைப் பண்ணி அனுப்பியும் விட்டேன். ஒரு தகப்பன் அனுப்பக் கூடாத மெஸேஜ்.

உடனே ஃபோன் அடித்தது. மனைவி.

"எங்க இருக்கீங்க?"

"கார்ல."

"ஐயர் இங்க நின்னுட்டே இருக்கார். அவ அங்க தனியா கிடக்கா."

"பேர் வெச்சா போயிடுவா."

"வெக்காட்டியும் போகலாம்ங்க. பேபி கேர்ள்னு போகணுமா? எனக்குக் கூப்பிடணும். நான் இன்னும் அவள ஒரு தடவகூடக் கூப்பிடல."

பக்கத்திலிருந்து மூத்தவள் குரல் கேட்டது. "டெல் ஹிம், கொட்டினாதான் சாகும். சும்மா இருந்தா சாகாது."

நான் மேலே போனேன். மனைவியைச் சக்கர நாற்காலியில் இன்குபேட்டர் பக்கத்தில் கொண்டுவந்திருந்தார்கள். ஆபரேஷன் தையல் இழுத்ததில் அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் சின்ன மருந்துக் கோப்பையில் சுத்திகரித்த தண்ணீர் வைத்திருந்தார். கூடவே ஒரு பஞ்சுக் குச்சி. கையால் தெளிக்கக் கூடாதாம். ஐயர் இரண்டு முறை கை கழுவினார்.

"கேக்குதா உங்களுக்கு?" என்றாள் மனைவி. மெஷினைச் சொன்னாள். "மூணு நாளா எனக்கு அதுவேதான் காதுல இருக்கு. லிஸ்ட்ல தேனீன்னு பார்த்ததும் வேற எதையும் படிக்கல."

அந்த ரீங்காரம் நிற்கக் கூடாது என்று நான் மூன்று நாளாக நின்றுகொண்டே கேட்டிருந்தேன். அது வேறு எதைப் போலவாவது இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"இந்தக் குழந்தைக்குப் பேரிடுங்கள்" என்றார் ஐயர். எங்கள் பக்கம் அதைத் தகப்பன்தான் சொல்ல வேண்டும். மனைவி சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் மெதுவாக, "கோ அஹெட், டாட்" என்றார்.

சொன்னேன். பஞ்சு மூன்று முறை நெற்றியைத் தொட்டது. மூன்றாவது தொடலில் அலாரம் அடித்தது. நர்ஸ் எங்களை விலக்கிவிட்டுக் கையை உள்ளே விட்டார். நான் சுவரில் முட்டிக்கொண்டு நின்றேன். நான்தான் சொல்லிவிட்டேன், நான்தான் சொல்லிவிட்டேன் என்பதைத் தவிர மண்டைக்குள் வேறொன்றும் ஓடவில்லை. எத்தனை நிமிடம் என்று தெரியாது. அலாரம் நின்றது. ரீங்காரம் நிற்கவில்லை.

நூற்றுப் பதினொரு நாள் கழித்து அவள் வீட்டுக்கு வந்தாள், ஆக்ஸிஜன் டியூபோடு. இப்போது அதுவும் இல்லை. சளி பிடித்தால் மட்டும் நெஞ்சு உள்வாங்கும். டேகேர் நம்பர் ஃபோனில் வந்தால் கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பேசுவேன். பாப்பாவுக்கு லஞ்ச் வைக்க மறந்துவிட்டீர்களா என்று கேட்கத்தான் பெரும்பாலும் கூப்பிடுவார்கள். பெயரை மட்டும் நான் சொல்வதில்லை. சொன்னால் அலாரம் அடிக்கும் என்று அறிவுள்ளவன் நினைக்க மாட்டான். நான் நினைக்கிறேன்.

போன வாரம் டேகேருக்குக் கிளம்பும்போது, "பாப்பா, வா" என்றேன். அவள் வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஐ'ம் நாட் பாப்பா. பாப்பா இஸ் எ பேபி. ஸே மை நேம்."

"பாப்பா, லேட் ஆச்சு."

"நோ. ஸே இட்."

மனைவி சமையலறையில் குழாயை மூடுவது கேட்டது. கதவின் பிடியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், அந்த அறையில் சொன்ன அதே தமிழ் உச்சரிப்பில்.

அவள் அதற்குள் குனிந்து ஷூ ராக்கில் எதையோ தேட ஆரம்பித்திருந்தாள். "வாட்?" என்றாள், திரும்பாமலே. "ஒரு ஷூ காணோம்."