காலையில் அளந்த கை

என் அக்கா மகளுக்கு டிஜிட்டல் மார்க்கெட்டிங்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, இந்த விளம்பரத்தை ஒரு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள் மாமா என்பாள். பார்த்தவர்களில் எத்தனை பேர் மறுபடி வந்தார்கள் என்று கேட்டால் முகம் சுண்டிவிடும். உங்களுக்கு இதெல்லாம் புரியாது என்று போனைப் பையில் போட்டுக்கொள்வாள். எனக்கா புரியாது? அவள் மூன்று வயதுக் குழந்தையாக மூக்கு ஒழுகிக்கொண்டு நின்ற காலத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நியாயமாகச் சொன்னால், அவளுடைய அம்மா புரியவைத்தாள்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. அப்பா மில்லுக்குப் போனார். எனக்கு வேலை தேடுவதே வேலை. மாலையானால் வைத்திக்குப்பம் போகிற வழியில் இருந்த ஓர் ஓட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவேன். அதுதான் எங்கள் உடற்பயிற்சி நிலையம். பால் பவுடர் டப்பாவில் சிமெண்ட் ஊற்றிச் செய்த டம்பெல்ஸ், மாட்டுவண்டி அச்சில் செய்த பார், யார் வீட்டிலிருந்தோ வந்த விரிசல் விட்ட நிலைக்கண்ணாடி, அவ்வளவுதான். வாத்தியார் கிடையாது. அவனவனுக்குத் தெரிந்ததை அடுத்தவன் தலையில் கட்டுவோம்.

முதல் நாளே வீரம் தலைக்கேறி இருநூறு பஸ்கி போட்டேன். மறுநாள் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. ஒரு வாரம் மாடிப்படியைப் பின்பக்கமாகத்தான் இறங்கினேன். அகலக்கால் வைக்காதே என்று பெரியவர்கள் சொன்னது காலைப் பற்றித்தான் என்று அப்போது நினைத்தேன்.

கூட்டாளிகளில் ஒருவன் சொல்தா வீட்டுப் பையன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அதனால் அவனை, பிரெஞ்சுக்காரர்கள் ஐயா என்பதற்குச் சொல்வதுபோல, முசே என்று கூப்பிட்டுக் கேலி செய்வோம். அவனுடைய சித்தப்பா பிரான்சிலிருந்து வந்தபோது ஓர் அளவு டேப் கொண்டுவந்தார். அதில் சென்டிமீட்டர் மட்டும்தான் இருந்தது. தையல்காரர் டேப்பில் பன்னிரண்டரை காட்டிய என் கை, இதில் முப்பத்திரண்டு காட்டியது. அன்றோடு கொட்டகையில் அங்குலத்துக்கு மரியாதை போயிற்று. அதிலும், டம்பெல் தூக்கி முடித்துக் கை புடைத்து நிற்கும்போது அளந்தால் முப்பத்து மூன்றரை. எல்லோரும் அந்த நேரத்தில்தான் அளந்தோம். ஊரெல்லாம் அந்தக் கணக்கைத்தான் சொன்னோம்.

அந்த வருஷம்தான் அக்கா குழந்தையோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். விழுப்புரத்துக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமத்தில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தான் கை நீட்டுகிற ஆள். மாமியார் வீட்டில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் மில்லில் பாதி நாள் வேலை இல்லாமல் திரும்பி வருகிற மனுஷனுக்குப் பயம்தான் முதலில் வரும். தை வரைக்கும் பார்ப்போம், உன்னையும் குழந்தையையும் நீயே பார்த்துக்கொள்ள முடிந்தால் இரு, இல்லையென்றால் அவர்கள் வந்து கூப்பிடும்போது கிளம்பு என்று சொல்லிவிட்டார்.

அக்கா எங்கள் ஊர் ஓரத்து மேட்டுப்பாளையத்தில் ஒரு சலவைத்தூள் கம்பெனிக்குப் பாக்கெட் ஒட்டும் வேலைக்குப் போனாள். நாலே மாதத்தில் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். அதற்குள் கலவையை அவள் கற்றுக்கொண்டிருந்தாள். வீட்டுப் பின்கட்டில் தாம்பாளத்தில் கொட்டிக் கலந்து, பாலித்தீன் கவரில் போட்டு, மெழுகுவத்தியைக் காட்டி வாயை ஒட்டுவாள். விற்கிற பொறுப்பை நான் வாங்கிக்கொண்டேன். விளம்பரம் என்றால் எனக்குத் தெரியாதா என்று மார்தட்டினேன்.

ஆடியில் வீராம்பட்டினம் அம்மன் தேருக்குச் சுற்று வட்டாரமே திரண்டு வரும். ஒரு மூன்று சக்கர வண்டியைப் பிடித்தேன். ஒலிபெருக்கி கட்டினேன். முசேயையும் இன்னும் இரண்டு பேரையும் உடம்பில் எண்ணெய் தடவி, ஜட்டியோடு வண்டிமேல் ஏற்றினேன். ஒரு கையில் பவுடர் பாக்கெட், மறு கையை மடக்கிப் புடைத்துக் காட்ட வேண்டும். கூட்டம் சாமியை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தது. முன்னூறு பாக்கெட்டும் மதியத்துக்குள் காலி.

காலியாகும் நேரத்தில் வெள்ளை வேட்டிப் பெரியவர் ஒருவர் முசேயின் புஜத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இத்த பால்ல கலந்து சாப்புடணுமா தம்பி, இல்ல தேன்லயா?"

எனக்கு வேர்த்துவிட்டது. இது துணி துவைக்கிற தூள் என்று ஒலிபெருக்கியில் பத்துத் தடவை கத்தினேன். நாலைந்து பேர் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் அதற்குள் பஸ் ஏறிப் போயிருந்தார்கள். யாரும் தின்று தொலைக்கவில்லை என்று தெரியும்வரை அம்மனிடம் விடாமல் வேண்டிக்கொண்டேன்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் நான் சொன்னது முன்னூறு மட்டும்தான். அப்பாவிடம் சொன்னேன், தெருவில் சொன்னேன், கொட்டகையில் இரண்டு தடவை சொன்னேன். அப்பா முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. ஆவணி போயிற்று, புரட்டாசி பாதி போயிற்று. அந்தத் தூளைக் கேட்டு ஒரு ஆள் வரவில்லை. வாங்கியவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்றே எனக்குத் தெரியாது. அவர்களுக்கு முசேயின் உடம்பு ஞாபகம் இருந்திருக்கும், தூள் இருந்திருக்காது.

அப்போது ஒருநாள் கொட்டகையிலிருந்து வந்து, இன்றைக்கு முப்பத்து நாலு என்று அக்காவிடம் கையைக் காட்டினேன். பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"காலைல பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி அளந்து பாரு. அதான் உன் கை. மத்ததெல்லாம் காத்து."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபம் வந்ததே அது உண்மை என்பதால்தான். டேப்பைக் கடன் வாங்கிவந்து மறுநாள் காலையில் அளந்தேன். முப்பத்திரண்டு. ஒரு வருஷமாகப் புடைத்த கையை அளந்துகொண்டே, வளராத கையோடு இருந்திருக்கிறேன். அன்று பல் விளக்கும்போது தேர் ஞாபகம்தான் வந்தது. முன்னூறு என்பதும் புடைத்த நேரத்துக் கணக்கு.

அதன் பிறகு நான் புத்திசாலியாகிவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆகவில்லை, பயந்துபோனேன். தைக்கு மூன்றரை மாதம்தான் இருந்தது. கொட்டகைக்குப் போகிற வழியில் வைத்திக்குப்பத்தில் ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொண்டேன். மீன் விற்றுத் திரும்பிய பெண்கள் துணி துவைக்க உட்காருகிற நேரம் பார்த்துப் போனேன். பன்னிரண்டு வீட்டுக்கு ஆளுக்கொரு சின்னப் பொட்டலம் சும்மா கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் போய் எப்படி என்று கேட்டேன். நுரை எல்லாம் வருது தம்பி, கவிச்சி போவல என்றார்கள். எனக்கு ரோஷம். அக்காவுக்கு அது இல்லை. அன்றைக்கே கலவையை மாற்றினாள். அடுத்த வாரம் கவிச்சி போயிற்று, ஆனால் கை எரிகிறது என்றார்கள். மறுபடி மாற்றினாள். கொட்டகையில் டம்பெல் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதுபோல அவள் தூளை ஏற்றியும் இறக்கியும் பார்த்தாள். மூன்றாவது கலவையில் கவிச்சியும் போனது, கையும் எரியவில்லை.

நாலு வீட்டில் தாங்களாகவே கேட்டு வாங்கினார்கள். உடனே எனக்குப் பழைய புத்தி வந்துவிட்டது. வாரம் ஒரு தடவை போன இடத்துக்குத் தினமும் போக ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் ஒரு அம்மா துடைப்பத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"நேத்து குடுத்த பாக்கெட்டயே இன்னும் பிரிக்கல. தொவைக்கறதுக்குத் துணி அழுக்காவ வேணாமா தம்பி?"

தினமும் ஒரே தசையைப் போட்டு வதைத்தால் அது வளராது, நடுவில் ஓய்வு வேண்டும் என்று இருநூறு பஸ்கியிலேயே கற்றிருக்க வேண்டியவன் நான். இன்றைக்கு ஒரு செருப்பைப் பார்த்த பாவத்துக்கு அந்தச் செருப்பு போனில் என்னைப் பத்து நாள் துரத்துகிறது. அக்கா மகளிடம் அந்தத் துடைப்பத்துக்கார அம்மாவைப் பற்றித்தான் சொல்வேன். சிரிப்பாள், அடுத்த வாரமும் செருப்பு வரும்.

சனிக்கிழமை மட்டும் போவது என்று மாற்றிக்கொண்டேன். மழையிலும் போனேன். புயல் எச்சரிக்கையில் படகையெல்லாம் மேலே இழுத்துப் போட்டிருந்த சனிக்கிழமையும் போனேன். அன்று விற்கவில்லை, ஆனால் வந்தான் என்று பெயர் வந்தது. ஒரு தெரு இரண்டாயிற்று. யார் மூன்றாவது தடவையும் கேட்டு வாங்குகிறார்களோ அந்த வீட்டை மட்டும்தான் எண்ணினேன். ஐப்பசியில் நாலு. மார்கழிக் கடைசியில் நாற்பத்தொன்று.

நாற்பத்தொன்று என்பது வாயில் வைத்துச் சொல்ல எவ்வளவு சின்ன எண் என்று முன்னூறு சொல்லிப் பழகியவனுக்குத்தான் தெரியும்.

பொங்கல் முடிந்த மறுவாரம் அத்தானின் அண்ணனும் அவர்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரும் கூப்பிட வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். முதல் நாள் சாயங்காலம் அக்கா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள்.

"நாளைக்குக் கேப்பாங்க. மெய்யான கணக்கச் சொல்லு. எனக்காவ ஏத்திச் சொல்லாத. நான் இருக்கறதா போறதான்னு அத்த வச்சித்தான் முடிவு பண்ணப் போறேன்."

சரி என்றேன். ஆனால் பொய் சொல்வது என்று மனசுக்குள் தீர்மானித்துக்கொண்டேன். நாற்பத்தொன்று என்றால் அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். போனால் அந்த ஆள் மறுபடி அடிப்பான்.

அவர்கள் வந்தார்கள். காபி குடித்தார்கள். குழந்தையைத் தூக்கப் பார்த்தார்கள், அது வரவில்லை. பெரியவரே எனக்கு வழி போட்டுக் கொடுத்தார். தேரில் ஒரே நாளில் முன்னூறு விற்றீர்களாமே, இப்போது எப்படிப் போகிறது என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நாக்கு நுனியில் ஐந்நூறு நின்றது. அக்கா வாசற்கால் ஓரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவும் இல்லை, கண் காட்டவும் இல்லை. அந்த முகத்துக்கு முன்னால் பொய் வரவில்லை.

"நாப்பத்தியோரு வூடு" என்றேன்.

அத்தானின் அண்ணன் சிரித்துவிட்டார். நாற்பது வீட்டை வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை காலம் தள்ள முடியுமா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அக்கா குரலை உயர்த்தவில்லை.

"நாலு வூடு நாப்பத்தொண்ணு ஆயிருக்கு. ஒவ்வொரு வாரமும் அவங்களே எங்க இன்னும் வரலன்னு கேக்கறாங்க. உங்க வூட்ல அஞ்சு வருஷம் இருந்தேன். ஒரு நாளு ஒருத்தரு சாப்ட்டியான்னு கேட்டது இல்ல. நான் வரல."

அப்பா மெல்ல எழுந்தார். நான் அவர் அக்காவைத் திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் வந்தவர்களைப் பார்த்து, விழுப்புரம் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, நீங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பத்திரண்டு சென்டிமீட்டர் கையால் துடைத்துக்கொண்டேன்.

அவர்களுக்கு இலை போட்டது அக்காதான். குழம்பு ஊற்றி முடித்துவிட்டுத் திரும்பியவளை அப்பா கூப்பிட்டு, நீ சாப்ட்டியாம்மா என்று கேட்டார்.