கலியபெருமாள் மழையில் நிற்கக் கூடாது

வளர்மதி மேடம் இறந்துபோன செய்தி வந்தபோது நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். மனசுக்குள் இல்லை, வாய்விட்டே. காலை பத்தரை மணி. நான் எழுதிய புதிய நிரலை ஓட்டிப் பார்த்தால் மற்ற எல்லாச் சோதனைகளும் தேறிப் பச்சை, ஒன்று மட்டும் தேறாமல் சிவப்பு. அது அவர் எழுதிய சோதனை. "லீவுல இருந்துகிட்டே இந்தம்மா உசிர வாங்குது" என்று பக்கத்து இருக்கையிடம் சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, அலுவலக வாட்ஸ்அப் குழுவில் அவர் எண்ணிலிருந்தே அவருடைய தம்பி போட்ட செய்தி வந்தது. அக்கா இன்று காலை மாரடைப்பில் காலமானார்.

அடுத்த பத்து நிமிடத்தில் வந்த இரங்கல்களை நீங்களும் படித்திருப்பீர்கள். நீங்கள்தானே எழுதினீர்கள். "அமைதியின் வடிவம்." "அதிர்ந்து பேசத் தெரியாதவர்." யாரைப் பற்றி? கும்பகோணத்தில் நம் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் இருந்து அவர் பேசினால் கீழே டீக்கடையில் பால் ஆற்றுகிறவர் நிமிர்ந்து பார்ப்பார். பதினாறாம் நாளுக்கு ஒரு சிறு புத்தகம் போடுகிறோம், ஆளுக்கு ஒரு பக்கம் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் கொடுப்பது இதைத்தான். போடுவதும் போடாததும் உங்கள் பாடு.

எனக்கு அவரைப் பிடிக்காது. எல்லோரும் வளர்க்கா என்றபோது நான் மட்டும் மேடம் என்றேன். மரியாதைக்காக இல்லை, தள்ளி வைக்க. அவருக்கும் என்னைப் பிடிக்காது. ஒருமுறை அவர் செய்த தவறுக்கு வாடிக்கையாளர் முன்னால் என்னைக் காய்ச்சி எடுத்தார். தப்பு தன்னுடையது என்று மறுநாள் தெரிந்ததும் குழுவில் ஒரு வரி போட்டார்: "நேத்து சொன்னது தப்பு. என்னோடது." அவ்வளவுதான். என் பெயரும் இல்லை, மன்னிப்பும் இல்லை. இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை.

எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது ஒரு போலியால். நாங்கள் செய்வது, விவசாயிகள் நெல் கொள்முதல் நிலையத்துக்கு என்றைக்கு வர வேண்டும் என்று டோக்கன் கொடுக்கும் இணையச் செயலி. டோக்கன் செய்தியை விவசாயியின் போனுக்குக் கொண்டுபோவது நாங்கள் இல்லை, வேறொரு நிறுவனத்தின் சேவை. சோதனை ஓட்டும்போதெல்லாம் அந்தச் சேவையைக் கூப்பிட முடியாது. அதனால் அதன் இடத்தில் ஒரு போலியை உட்கார வைப்போம். மாக் என்போம். நான் எழுதிய மாக் எதைக் கேட்டாலும் "அனுப்பியாச்சு" என்று ஒரே பதில் சொல்லும். எல்லாம் பச்சை. நான் சந்தோஷமாக இருந்தேன்.

மேடம் அதைத் திறந்து பார்த்தார். "ஏன் தம்பி, அவங்க சர்வர் என்ன உங்க அத்தை பொண்ணா? எப்பக் கேட்டாலும் சிரிச்சிகிட்டே சரிங்குது?"

"அது விழுந்தா அவங்க பிரச்சினை மேடம்."

"விழுறது பிரச்சினை இல்ல. பதில் வரலைன்னா மெசேஜ் போகலைன்னு அர்த்தம் இல்ல. போயிருக்கும், பதில் மட்டும் வராது. அப்ப உங்க புரோகிராம் என்ன பண்ணும்? அத எங்க சோதிச்சிருக்கீங்க?"

அலுவலகமே சிரித்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. போலி பிடிக்கலையா, நிஜத்தையே கூப்பிட்டுக் காட்டுகிறேன் என்று மாக்கைக் கழற்றிவிட்டு, உண்மையான சேவையோடு சோதனையை மூன்று முறை ஓட்டினேன். மூன்றும் பச்சை. "போதுமா மேடம்?" என்று கேட்டேன்.

நான் செய்திருந்த முட்டாள்தனம் மறுநாள்தான் தெரிந்தது. சோதனைக்கு ஒரு விவசாயி வேண்டுமே என்று, நிஜப் பதிவுப் பட்டியலின் முதல் வரியை முன்பே அப்படியே நகல் எடுத்துப் போட்டிருந்தேன். மாக் இருந்தவரை அதனால் கெடுதல் இல்லை. கழற்றியதும் குடவாசல் பக்கத்துக் கலியபெருமாளுக்கு மூன்று செய்திகள் போயின: நாளைக் காலை ஒன்பது மணிக்கு நெல்லுடன் வரவும். மனுஷன் களத்தில் நெல்லைக் கொட்டிவைத்து ஒரு வாரமாக அந்தச் செய்திக்காகவே காத்திருந்தவர். மூட்டை பிடித்து, டிராக்டரில் ஏற்றிப் போய்விட்டார். நிலையத்துப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. செய்தியில் இருந்த உதவி எண்ணுக்குப் போன் போட்டார். அது மேடத்தின் மேசை.

கேட்டு முடித்துப் போனை வைத்தார். "எந்திரிங்க தம்பி" என்றார். வழியில் ஒரு படுதா வாங்கி என் மடியில் போட்டார். அவருடைய ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து போனேன். நாச்சியார்கோவில் தாண்டும்போதே தூறல். போய்ச் சேர்ந்தபோது கொட்டிக்கொண்டிருந்தது. வெட்டவெளியில் மூட்டைகள். அவற்றின் மேல் தன் வேட்டியையும் போர்வையையும் போட்டு அமுக்கிப் பிடித்தபடி, அரை டிராயரோடு கலியபெருமாள்.

"மூணு தடவ வந்துச்சுங்க. மூணு தடவ வந்தா அவசரம்னுதானே நெனப்பேன்?"

கூட்டத்தில் யாரோ, "கம்ப்யூட்டரு வெளாடுதுண்ணே" என்றார்கள்.

"கம்ப்யூட்டர் வெளயாடலைங்க" என்றார் மேடம். என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "இவருதான் வெளயாடினாரு."

அத்தனை பேர் முன்னால். மூடி மறைத்திருக்கலாம். ஏதோ கோளாறு என்று சொல்லியிருக்கலாம், எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம். அவர் சொல்லவில்லை. நிலையத்துக்காரரிடம் சண்டை பிடித்துக் கொட்டகையில் இடம் வாங்கினார். மூட்டைகளை என்னைத்தான் தூக்க வைத்தார். அடிவரிசை நனைந்திருந்தது. ஈரம் ஏறிய நெல்லை எடுக்க மாட்டார்கள், மறுபடி காயவைக்க வேண்டும். கலியபெருமாள் என்னைத் திட்டவே இல்லை. நனைந்த மூட்டையில் கை வைத்துப் பார்த்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். மேடம் திட்டியதைவிட அது மோசம்.

மறுநாள் மேடம் என் போலியைத் தூக்கியெறிந்துவிட்டுத் தானே ஒன்று எழுதினார். அது தாமதிக்கும், மறுக்கும், செய்தியை அனுப்பிவிட்டு மௌனமாக இருக்கும். அந்த மௌனத்துக்கான சோதனைக்கு அவர் வைத்த பெயர்தான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. என்னைக் குத்தத்தான் வைத்தார். ஓட்டும்போதெல்லாம் அந்தப் பெயர் என் திரையில் வரும்.

அவர் இறந்த காலையில் சிவப்பாக நின்றது அதுதான். செய்தி போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வராவிட்டால், என் புதிய நிரல் வேறொரு நாளுக்குப் புது டோக்கன் போட்டு இன்னொரு செய்தி அனுப்புகிறது. முதல் செய்தியை நம்பி வருகிறவரின் பெயர் அன்றைய பட்டியலில் இருக்காது. மறுபடி ஒரு கலியபெருமாள். வாட்ஸ்அப் செய்தி வருவதற்கு முன் நான் அந்தச் சோதனையை ஓட்டாமலே தாண்டிப் போகும்படி 'ஸ்கிப்' போடத்தான் போயிருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் மேலாளர் கூப்பிட்டார். அமைதியின் வடிவம் என்று எழுதியவர் அவர்தான். "அந்த ஒரு டெஸ்ட்ட மட்டும் தூக்கிடுப்பா. எழுதினவங்களே போயிட்டாங்க. சம்பா அறுப்பு ஆரம்பிச்சாச்சு, வெர்ஷன் போயாகணும்."

"எழுதினவங்க போயிட்டாங்க சார். நெல் கொண்டுவர்றவங்க வந்துகிட்டுதான் இருக்காங்க. தப்பு என் புரோகிராம்ல இருக்கு. சரி பண்ணாம வெர்ஷன் போகாது."

"யாருகிட்ட பேசுறோம்னு தெரிஞ்சு பேசு" என்றார். தெரிந்துதான் பேசினேன். இதை எழுதும் இன்றும் அது சிவப்புதான். என் நிரலைப் பாதி பிரித்துப் போட்டிருக்கிறேன். இன்னும் இரண்டு நாள் ஆகும்.

அவருடைய படத்துக்கு மாலை போட வர மாட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சோதனைக் கோப்பு ஒன்றுதான். அதில் யாராவது கை வைக்க நினைத்தால் முதலில் என் மேசைக்கு வாருங்கள். அங்கே நடக்கும் பேச்சு கீழே டீக்கடை வரைக்கும் கேட்கும்.