இரண்டாவதாக எழுதப்பட்ட தாய்

பாபநாசத்துக் கல்லூரியில் குணசேகரன் பைத்தான் பாடம் நடத்தினால் சுவர்ப் பல்லிகூடப் புரோகிராம் எழுதும் என்பார்கள். ஒரு பல்லி எழுதியதை நேரில் பார்த்தவர்களும் உண்டு, பிழை ஒன்றிரண்டுதானாம்.

பிறந்தது கீழ்வேளூரில், ஞானாம்பாளின் இளைய மகனாக. குழந்தையில்லாத பெரியப்பா வீட்டுக்குக் கைக்குழந்தையிலேயே தத்துக் கொடுத்துவிட்டார்கள். அன்று முதல் பெரியம்மா கமலாம்பாள்தான் அம்மா, பெற்றவள் சித்தி. முறை மாற்றிக் கூப்பிட்டால் தத்துக் கெட்டுப்போகும் என்று பெரியவர்கள் கட்டுப்பாடு.

கமலாம்பாள் ஒரு குறையும் வைக்கவில்லை. அவன் தும்மினால் தஞ்சாவூர் டாக்டருக்கே ஜலதோஷம் பிடிக்கும், அப்படி இழுத்துக்கொண்டு ஓடுவாள். ஞானாம்பாள் அறுவடைக்கு அறுவடை புது அரிசியோடு பஸ் ஏறி வருவாள். அவன் தடுமாறக் கூடாதென்று, "சித்தி வந்திருக்கேன் தம்பி" என்று தானே முந்திக்கொள்வாள்.

போன தையில் வந்தபோது, காலேஜில் அப்படி என்னதான் சொல்லிக்கொடுக்கிறாய் என்று கேட்டாள். மல்டிபிள் இன்ஹெரிடன்ஸ் என்றான். கம்ப்யூட்டரில் ஒன்றை உருவாக்கும்போது அதற்கு இரண்டு தாய் வைக்கலாம், இருவரிடம் இருப்பதும் அதற்கு வரும் என்று விளக்கினான்.

"ரெண்டு பேர்கிட்டயும் ஒரே பேர்ல ஒரு வேலை இருந்தா? கூப்பிட்டா யாரு வருவா?"

"யாரை முதல்ல எழுதியிருக்கோ அவங்க, சித்தி."

"ரெண்டாவதா எழுதினவ?"

"அவங்களைப் பேரைக் குறிச்சுத் தனியாக் கூப்பிடணும். இல்லேன்னா உள்ளேயே இருப்பாங்க."

ஞானாம்பாள் சிரித்தாள். "இருக்கட்டும். உள்ளதானே இருக்கா."

பஸ் ஏற்றிவிடும்போது ஒருமுறை அம்மா என்று கூப்பிட்டுவிட வாயெடுத்தான். பக்கத்தில் கமலாம்பாள் நின்றாள். அடுத்த அறுவடைக்கு வருவாளே, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

ஆனியில், குறுவைக்கு நாற்றுப் பறிக்கும்போது ஞானாம்பாள் வரப்பிலேயே சாய்ந்துவிட்டாள்.

தாய்க்கு இளைய மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். ஆனால் தத்துப் போனவனுக்கு அது கிடையாது என்று சொல்லி, அண்ணன் ராஜ்குமார் கையில் கொள்ளிச்சட்டியைக் கொடுத்தார்கள். குணசேகரனுக்கு மிஞ்சியது, எல்லோரையும் போல ஒரு பிடி வாய்க்கரிசி. அவள் கொண்டுவரும் அதே அரிசி. குனிந்து போட்டான். விரல் அவள் உதட்டில் பட்டது.

"அம்மா" என்றான்.

பின்னாலிருந்து கமலாம்பாள் பதறிக்கொண்டு வந்து அவன் தோளைப் பிடித்தாள்.

"என்னப்பா? இங்கதான் இருக்கேன்."

குணசேகரன் திரும்பினான். அந்த முகத்தைப் பார்த்தான்.

"ஒண்ணுமில்லம்மா."