சொந்த வீட்டுச் சுவரு

எங்க வீட்டுக்காரர் வேலுசாமிக்கு மலேரியா வேலை. மம்சாபுரம் சுத்தி ஊர் ஊரா சைக்கிள்ல போய், காய்ச்சக்காரங்க விரல்ல குத்தி ரத்தம் எடுத்து, மாத்திரை குடுத்து, வீட்டுச் சுவத்துல தேதி போட்டுக் கையெழுத்து வைக்கணும். பதினஞ்சு வருசம் இதே பொழப்பு. சாயங்காலம் வந்தா பேச்சே இருக்காது, காலை நீட்டி உக்காந்திருப்பாவ.

எண்பத்தாறுல எங்க மக செல்லக்கனிக்கு ஆறு வயசு. ரெண்டு வருசத்துல நாலு தடவை மலேரியா. "ரெண்டு தடவை வந்துட்டா உடம்பு பழகிக்கிடும்ட்டி"ன்னாவ எங்க வீட்டுக்காரர். என்னத்தப் பழகுச்சு? ஒவ்வொரு தடவையும் புதுசா வந்த கணக்கா போட்டு உலுக்கிச்சு. கை காலு குச்சி, வயிறு மட்டும் பானை. அழுது அழுது எனக்குக் கண்ணீரும் வத்திப்போச்சு.

அந்த வருசம் வயித்துப் பூச்சிக்கு மருந்தும் இவிய மூலமா வீடு வீடா குடுத்தாவ. மூணு நாளு குடுக்கணும். முத நாளே பிள்ளை வாய் வழியா நீளமா ஒரு பூச்சி விழுந்துச்சு. ஆத்தாடி! இந்த மருந்து பிள்ளையக் கொன்னுரும்னு மிச்சத்த வாய்க்கால்ல கொட்டிட்டேன். ஊரார் வீட்டுல கேட்டுக் கேட்டு எழுதுற மனுசன், சொந்த வீட்டுச் சுவத்துல கேக்காமலே "பூச்சி மருந்து குடுத்தாச்சு"ன்னு எழுதிட்டாவ.

நாலாவது காய்ச்சலுக்கு இவிய மேலதிகாரி டாக்டர் ஆவுடையப்பன் வீட்டுக்கே வந்தாவ. "வயித்துல பூச்சி கெடந்தா, வந்து போன மலேரியாவ உடம்பு ஞாபகம் வச்சிக்கிடாதோன்னு ஒரு சந்தேகம் இருக்கு. உறுதியா யாரும் சொல்லல"ன்னாவ. பொறவு சுவத்தப் பாத்துட்டு, "இங்கதான் மருந்து குடுத்தாச்சே, அப்ப வேற என்னமோ"ன்னு கிளம்பப் போனாவ.

இவிய அதிகாரி முன்னால நிமிந்து நிக்காவ. சொன்னா இவிய மானம் போகும், வேலைக்கும் ஆபத்து. சொல்லாட்டி பிள்ளை போயிரும்.

"ஐயா, அது பொய்யி. மருந்த நான் கொட்டிட்டேன்"னேன்.

டாக்டர் இவிய பக்கம் திரும்புனாவ. "இன்னும் எத்தனை சுவரு இப்படி, வேலுசாமி?"



மறுபடி பூச்சி மருந்து வந்துச்சு. மூணு நாளும் கண்ண மூடிக்கிட்டுக் குடுத்தேன். அடுத்த மழைக்கு அஞ்சாவது காய்ச்சல் வந்துச்சு, ஆனா மூணாம் நாளே எந்திரிச்சுச் சோறு கேட்டா. பூச்சி மருந்தாலயா, வயசு கூடுனதாலயா, டாக்டருக்கே தெரியல.

அன்னைக்கு இவிய வேலை முடிஞ்சு வந்து, "மாத்திரை போட்டாளா?"ன்னாவ. "போட்டா"ன்னேன்.  பொறவு உள்ள போய் பிள்ளைகிட்டயும் கேட்டாவ.